பேசும் கருவிக்கு நிதி கேட்கும்போது கருவியோடு நிறுத்திவிடாதீர்கள்

பேச்சு வராத ஒருவருக்கு, திரையில் தேர்ந்தெடுப்பதைக் குரலாக ஒலிக்கும் தகவல் தொடர்புக் கருவி கேட்டு அரசுத் திட்டத்துக்கோ பொதுக் காப்பீட்டுக்கோ போகும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. சிகிச்சையாளர் எழுதி இணைக்கும் அறிக்கை முழுக்கக் கருவியின் சிறப்புகள் இருக்கும். அதைப் பயன்படுத்தப்போகிறவரின் ஒருநாள் பொழுது இருக்காது. "இதைவிட விலை குறைந்தது போதாதா?" என்று அதிகாரி கேட்பார். பொதுப்பணத்துக்குப் பொறுப்பானவர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கான பதில் அறிக்கைக்குள் இல்லையென்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

உரிமை எழுத்தில் இருக்கிறது. 2006-இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் வழிகளையும் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் தகவல் தொடர்புப் பலகைகளும் மென்பொருளும் உள்ளன. நடைமுறை இவ்வளவு எளிதாக மாறுவதில்லை. அமெரிக்காவின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் பேசும் கருவியை வசதிக்கான பொருள் என்று ஒதுக்கிவைத்திருந்தது. 2001 ஜனவரியில்தான் மருத்துவச் சாதனமாக ஏற்றது. கண்ணசைவால் இயக்க உதவும் துணைப்பாகங்களுக்கு அங்கே உறுதியான இடம் கிடைக்க 2015-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. பழைய எண்ணம் பல மேசைகளில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொண்டே அறிக்கை எழுத வேண்டும்.

"கருவி இவருக்குப் பெரிதும் உதவும், வாழ்க்கைத் தரம் உயரும்" என்ற வரியால் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆம், இல்லை இரண்டையும் கண் சிமிட்டிச் சொல்கிறார். வீட்டார் தவிர மற்றவர்களுக்கு அது பிடிபடுவதில்லை. வலி எங்கே, எப்போதிலிருந்து என்று மருத்துவரிடம் சொல்ல வழியில்லை. பக்கத்து அறையில் இருப்பவரை அழைக்க முடியாது." பிறகு மலிவான வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதுவரை போதும், எங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லுங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும் எழுத்துப் பலகை நல்ல சாதனம்தான். ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தொலைபேசியில் அது பயன்படாது. சாதாரண டேப்லெட்டே போதுமென்றால் தயங்காமல் அதையே பரிந்துரையுங்கள். தேவையில்லாத இடத்தில் விலை கூடியதைக் கேட்கும் சிகிச்சையாளரின் அடுத்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

சோதனைக் காலம்தான் அறிக்கையின் முதுகெலும்பு. சிகிச்சை அறையில் அரைமணி நேரம் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. இரவல் கருவியைச் சில வாரம் வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்தவிட்டு எண்களைக் குறித்துவையுங்கள்: யாரும் தூண்டாமல் தானாகச் சொன்னவை எத்தனை, ஒரு செய்தியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம், திரையில் பத்து முறை தேர்ந்தெடுத்ததில் தவறானவை எத்தனை, எத்தனை நிமிடத்தில் களைப்பு வருகிறது. கண்ணசைவுக் கருவி என்றால் சுமார் 60 செ.மீ. தூரத்தில், முகத்துக்கு நேராகத் திரை இருக்க வேண்டும். கண்ணைப் பின்தொடரும் அதன் கேமரா அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் நேர் வெயிலில் தடுமாறும். மூக்குக் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழுந்தாலோ இமை சரிந்திருந்தாலோ கண்ணைத் தவறவிடும். வெளியில் அதிகம் இருப்பவருக்கு அதை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது சரியல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள். இடுப்பு சரிந்தால் தலையும் சரியும். பிறகு எந்தக் கருவியும் அவருக்கு ஒத்துவராதது போலவே தோன்றும்.

அடுத்த தவறு இன்னும் வருத்தமானது. நிதி கிடைத்து, கருவி வந்து, அலமாரியில் தூங்கும். கருவிக்கு மட்டும் பணம் கேட்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, நாற்காலியோடு கருவியைப் பிடித்து நிறுத்தும் தாங்கி இல்லாத கருவி இன்னொருவர் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் கருவி. பிடிப்பவர் கீழே வைத்தால் பேச்சும் போயிற்று. தாங்கி கேட்பதற்கு முன் நாற்காலிச் சட்டத்தை அளவெடுங்கள். குழாய் வட்டமா சதுரமா, வெளிவிட்டம் எவ்வளவு, கிளாம்ப் மாட்ட எவ்வளவு நீளம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 22 மி.மீ. குழாய்க்கான கிளாம்ப் 25 மி.மீ. குழாயில் ஏறாது, 25-க்கானது 22-இல் சுழன்று, திரை மெல்ல மெல்ல மடியில் சாயும். படுக்கைக்கு மாற்றும்போது தாங்கி பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். மின்நாற்காலியை ஓட்டும்போது வழியை மறைக்கக் கூடாது. புது நாற்காலி வரப்போகிறதென்றால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

அதே விலைப்பட்டியலில் இவையும் இருக்கட்டும்: திரைக் கட்டங்களில் சொற்களை அடுக்கித் தரும் சொற்தொகுதி மென்பொருளின் உரிமம், அவர் பேசும் மொழியில் குரல், கை நடுங்குபவருக்குக் கட்டங்களுக்கு மேல் பொருத்தும் துளைத்தகடு, சுவிட்சை அழுத்திக் கருவியை இயக்குபவர் என்றால் உபரியாக ஒரு சுவிட்ச், உறை, இரண்டாவது சார்ஜர், நீட்டித்த உத்தரவாதம், பழுதுபார்க்கும் நாட்களுக்கு மாற்றுக் கருவி. வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி மணிநேரத்தையும் தனி வரியாகக் கேளுங்கள். சுற்றியிருப்பவர்கள் தாங்களும் அந்தத் திரையில் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்டினால்தான் குழந்தைக்கு அது மொழியாகும். ஒரு திட்டத்தில் இதற்கு இடமில்லையென்றால் பயிற்சிக்குக் கல்வித் துறை, தாங்கிக்கு வேறு நிதி என்று பிரித்தாவது கேட்கலாம். பிரித்துக் கேட்கும்போது கருவி யார் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள். பள்ளியின் சொத்தாகப் பதிவானால், விடுமுறையில் பள்ளி பூட்டப்படும்போது குழந்தையின் பேச்சும் உள்ளே பூட்டப்படும்.

தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். போல வேகமாக வளரும் நோய்களில் காத்திருக்க நேரமில்லை. இன்று விரலால் தட்டுகிறவருக்கு ஆறு மாதத்தில் கண் மட்டுமே இயங்கலாம். பல திட்டங்களில் இன்னொரு கருவிக்கு ஐந்தாண்டு போல ஒரு இடைவெளி உண்டு. அதனால் பின்னாளில் கண்ணசைவுக் கேமராவைச் சேர்க்கக்கூடிய கருவியை முதலிலேயே கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். பின்னாளில் கருவி அவர் குரலிலேயே பேச, குரல் தெளிவாக இருக்கும்போதே பதிவுசெய்து வைப்பது விண்ணப்பம் முடியும்வரை தள்ளிப்போடக்கூடிய வேலையல்ல. கருவிகளை இரவல் தரும் வங்கி இருக்கும் இடத்தில் அதையும் உடனே அணுகுங்கள்.

"குழந்தை இன்னும் தயாராகவில்லை", "கருவி கொடுத்தால் பேச முயலாது" என்ற காரணங்களுடன் மறுப்பு வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். இத்தகைய கருவிகள் பேச்சைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடவே செய்திருக்கிறது.

மறுப்பு எதுவானாலும் எழுத்தில், காரணத்துடன் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கான கடைசி நாளை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அதே அறிக்கையைத் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும். சொல்லப்பட்ட காரணத்துக்கு மட்டும் நேராகப் பதில் எழுதி, சோதனைக் காலக் குறிப்புகளையும், அவர் கருவியால் ஒரு கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சிறு காணொளியையும் இணையுங்கள்.

கருவி கைக்கு வந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். ஓரிரவில் இயங்குதளம் மாறிக் காலையில் மென்பொருள் திறக்காமல் போவதுண்டு. சொற்தொகுதிக் கோப்பைக் கருவிக்கு வெளியே வேறோரிடத்தில் சேமியுங்கள். பிறகு திரையில் உள்ள அதே கட்ட வரிசையை அச்சிட்டு, லேமினேட் செய்து நாற்காலியின் பையில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும், குளியலறையிலும், தீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் அதுதான் கைகொடுக்கும்.