100, 112, 108: உதவி கேட்டவரைத் தட்டிக்கழித்தால் யார் பொறுப்பு?

“இதுக்கெல்லாம் 100-க்குப் போடுவீங்களா? காலையில ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுங்க.” “குடிச்சிருக்காரா? அப்ப தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்.” அவசர எண்ணில் இப்படியொரு பதில் வந்து, அதற்குள் ஒருவர் வெட்டுப்பட்டோ மூச்சு நின்றோ போய்விட்டால், அந்தக் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி: போனை எடுத்தவரை ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும். ஆனால் அவசர அழைப்பை அலட்சியப்படுத்தியதற்கென்று தனியாக ஒரு குற்றப்பிரிவு நம் நாட்டில் இல்லை. துறை நடவடிக்கை, மனித உரிமை ஆணையம், சில வகைக் குற்றங்களில் மட்டும் சிறைத் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு என்று வழிகள் சிதறிக் கிடக்கின்றன. எதில் போனாலும் கேட்கப்படும் முதல் சான்று ஒன்றுதான்: அந்த அழைப்பின் ஒலிப்பதிவு. புகார் எழுதுவதற்கும் முன்னால் அதைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும்.

அழைப்பு எங்கே நின்றுபோனது?

112 என்பது நிர்பயா நிதியிலிருந்து பணம் ஒதுக்கி மத்திய உள்துறை கொண்டுவந்த ஒருங்கிணைந்த எண். 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடும் சேர்ந்தது. போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்ற பழைய எண்களும் வேலை செய்கின்றன.

112-இல் போனை எடுப்பவரும் வண்டியை அனுப்புபவரும் ஒரே ஆள் அல்ல. எடுப்பவர் விவரம் கேட்டு, கணினியில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்வார். அதற்கு ஓர் எண் விழும். இன்னொரு மேஜையில் இருப்பவர் அதைப் பார்த்து, அருகில் இருக்கும் ரோந்து வாகனத்துக்கோ ஆம்புலன்சுக்கோ தள்ளிவிடுவார். வாகனத்தில் இருப்பவர் போய்வந்து என்ன நடந்தது என்று குறிப்பு எழுதி அதை முடிப்பார்.

ஆக, தவறு நான்கு இடங்களில் நடக்கலாம். பேசியவர் நிகழ்வையே பதிவு செய்யாமல் வைத்திருக்கலாம். பதிவு செய்து ‘சாதாரணத் தகராறு’ என்று வகைப்படுத்தியிருக்கலாம். அனுப்ப வேண்டியவர் கிடப்பில் போட்டிருக்கலாம். ரோந்து வண்டி தெருமுனை வரை வந்து ‘இரு தரப்பும் சமாதானம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடும்ப வன்முறை அழைப்புகளில் கதவுக்குப் பின்னால் கணவன் நிற்கும்போது மனைவி சொல்லும் ‘ஒண்ணுமில்ல சார்’ எப்படிச் சமாதானம் ஆகும்?

குடும்பங்கள் பெரும்பாலும் போனில் பேசிய குரல் மேல்தான் கோபப்படுகின்றன. பதிவேட்டைப் பார்த்தால் அவர் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்திருப்பார். அழைப்பு வேறு மேஜையில் தூங்கியிருக்கும். அதனால்தான் புகாரில் ‘ஆபரேட்டர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல், அழைப்பின் முழுப் பயணத்தையும் கேட்க வேண்டும்.

100-க்குச் சொன்னதும் புகார் கொடுத்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சம்பவ இடத்துக்குப் போலீசை வரவழைக்கச் சொல்லும் சுருக்கமான தொலைபேசித் தகவல் பொதுவாக முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன நிலைப்பாடு. காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னணு வழியாக அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சட்டம் எங்கே கடிக்கும்?

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, ஆள்கடத்தல் போன்ற குறிப்பிட்ட குற்றங்கள் பற்றிய தகவலைப் பதிவு செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு கடுங்காவல். இதற்கு அரசின் முன் அனுமதியும் வேண்டியதில்லை. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றிய தகவல் வந்தும் பதிவு செய்யாதவர் மீது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு பாயும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வேண்டுமென்றே கடமை தவறிய, அந்தப் பிரிவினர் அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. இந்தப் பிரிவுகளெல்லாம் முதன்மையாகக் காவல் நிலையத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கட்டுப்பாட்டு அறைவரை இவை நீளுமா என்று எதிர்த்தரப்பு வாதாடும். வக்கீல் துணையில்லாமல் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவம் என்று 108-க்குப் பேசித் தட்டிக்கழிக்கப்பட்டால் இவை எதுவும் பொருந்தாது. அங்கே கைகொடுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, வசதியில்லை, படுக்கையில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கட்டிப் பிழைத்தார். அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தரத் தவறுவது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணமில்லை என்ற சாக்கை ஏற்க முடியாது என்றும் சொன்னது. தொகை சின்னது. ஆனால் ‘வண்டி இல்லை’ என்ற பதிலோடு அரசு கைகழுவ முடியாது என்று வாதிட இன்றைக்கும் இந்தத் தீர்ப்புதான் பிடிமானம்.

பிரான்சில் நிலைமை வேறு. ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதே அங்கே குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2017 டிசம்பரில் ஸ்திராஸ்பூர்க் நகரில் கடும் வயிற்றுவலியோடு அவசர மருத்துவ எண்ணில் பேசிய 22 வயதுப் பெண்ணிடம், செத்துவிடுவேன் என்று அவர் சொன்னபோது, எல்லாரையும் போல நீங்களும் ஒருநாள் நிச்சயம் சாவீர்கள் என்ற பொருளில் ஆபரேட்டர் பதில் சொன்னார். சில மணி நேரம் கழித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் பெண் அங்கே இறந்தார். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்த விஷயம், பேச்சின் ஒலிப்பதிவு குடும்பத்தின் கைக்கு வந்து 2018-இல் வெளியான பிறகுதான் வெடித்தது. 2024 ஜூலையில் அந்த ஆபரேட்டருக்கு நீதிமன்றம் 12 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. சட்டம் அங்கே முன்பிருந்தே இருந்தது. அதை நகர்த்தியது அந்த ஒலிப்பதிவு.

ஒலிப்பதிவைக் காப்பாற்றுவது எப்படி?

எதிர்முனை தட்டிக்கழிக்கும்போதே “இந்த அழைப்புக்கு என்ன நம்பர் விழுந்திருக்கு, சொல்லுங்க” என்று கேளுங்கள். பதிவு செய்யாமல் வைக்க நினைத்தவர்கூட அந்தக் கேள்விக்குப் பிறகு யோசிப்பார். வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். வேறொருவர் எடுக்க வாய்ப்புண்டு, இன்னொரு பதிவும் சேரும். பக்கத்து வீட்டுக்காரரும் தன் போனிலிருந்து பேசட்டும். உயிர் போகிற நிலை என்றால் ஆம்புலன்சுக்காகக் காத்திருக்காமல் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். வழக்குக்காக யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பிறகு செய்ய வேண்டியது: கால் லாக்கை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

அழைப்புப் பதிவுகளை எந்தத் துறையும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. அதனால் முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். போலீஸ் அழைப்பென்றால் மாவட்ட எஸ்.பி. அல்லது மாநகரக் காவல் ஆணையருக்கு. 108 என்றால் தேசிய நலக் குழும இயக்குநருக்கும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும். புலம்பல் வேண்டாம். தேதி, நேரம், உங்கள் எண், “மேற்படி அழைப்பின் ஒலிப்பதிவையும் நிகழ்வுப் பதிவையும் விசாரணை முடியும்வரை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்” என்ற ஒரு வரி. ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். இந்தக் கடிதத்துக்குப் பிறகு பதிவு காணாமல் போனால், அதுவே உங்கள் பக்க வாதமாகிவிடும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். ‘ஏன் அலட்சியம் செய்தீர்கள்’ என்று கேட்டால் ‘விளக்கம் தர இயலாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: அழைப்பின் ஒலிப்பதிவு நகல், அதற்குத் தரப்பட்ட நிகழ்வு எண்ணும் வகைப்பாடும், எத்தனை மணிக்கு எந்த வாகனத்துக்கு அனுப்பப்பட்டது, எந்தக் காரணம் எழுதி எத்தனை மணிக்கு முடிக்கப்பட்டது. 108-ஐ நடத்துவது அரசோடு ஒப்பந்தம் போட்ட தனியார் நிறுவனம் என்பதால் ‘எங்களுக்குச் சட்டம் பொருந்தாது’ என்ற பதில் வரலாம். மனுவை சுகாதாரத் துறைக்கே போடுங்கள்; அரசு கேட்டு வாங்கக்கூடிய தனியார் தகவலும் 2(f) பிரிவின்படி தகவல்தான். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘விசாரணை நடக்கிறது’ என்று மறுத்தால், தகவல் தந்தால் அந்த விசாரணை எப்படிப் பாதிக்கும் என்று விளக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்பதை மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

எங்கே முறையிடுவது?

துறைக்குள் கொடுக்கும் புகாரில் வேகமாக நடப்பது இடமாற்றம். ஆயுதப்படைக்கு மாற்றினார்கள் என்ற செய்தியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது தண்டனையே அல்ல. காவலர்களுக்கான ஒழுங்கு விதிகளில் 3(ஏ) சிறு தண்டனைக்கு, 3(பி) பெரிய தண்டனைக்கு. எந்த விதியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டப்படி காவல்துறைப் புகார் ஆணையங்கள் உண்டு. மாநில அளவில் உள்துறைச் செயலரும் மாவட்ட அளவில் ஆட்சியரும் தலைவர்கள். போலீஸ் அதிகாரிகளே உறுப்பினர்கள். 2006-இல் காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வேண்டும் என்றது. அந்த வித்தியாசத்தை வைத்தே எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

சாமானியர்களுக்கு மாநில மனித உரிமை ஆணையத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, தபாலில் அனுப்பலாம். அரசு ஊழியரின் அலட்சியத்தையும் அது விசாரிக்கலாம். இழப்பீடு தரச் சொல்லலாம். பரிந்துரைதானே என்று அரசு ஒதுக்கி வைத்த காலத்தில், அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் அவர் சார்பில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். தகவல் உரிமை மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிடாமல், கையில் இருக்கும் கால் லாக்கையும் ஸ்பீடு போஸ்ட் ஒப்புகையையும் வைத்தே மனுவைப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவை வரவழைக்குமாறு ஆணையத்திடமே கேட்கலாம்.