பேய்க்கு முன்னே தோள் எழும்புவது ஏன்?

முள்ளியவளையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாராம். மாரி மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்து பார்ப்பதற்கு நல்ல பேய்ப்படங்களும் தொடர்களும் சொல்லுங்கள் என்பது முதல் வேண்டுகோள். அதைவிட இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஒரே படத்தை மூன்றாம் தடவை பார்க்கிறேன். கதவு எந்த இடத்தில் அடித்துச் சாத்தும் என்று தெரியும். ஆனாலும் துள்ளுகிறேன். அப்பா பேயைக் கண்டால் சிரிப்பார். கதவு அடித்தால் மட்டும் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். இரண்டும் ஏன்?"

பிள்ளை, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பேயும் கதவும் ஒன்றல்ல. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). வன்னியில் வாழ்ந்தவர்கள் இந்த நான்கையும் விளக்கமின்றியே புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் 'திடீர்ச் சத்தம்' இல்லை. சத்தத்துக்கு நாம் கொடுப்பது அச்சமே அல்ல, திடுக்கிடல். அச்சத்துக்குக் கதை வேண்டும். திடுக்கிடலுக்குக் காது மட்டும் போதும்.

தெறிவினை பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். சூடான சட்டியில் கை பட்டதும் இழுத்துக்கொள்வது போன்றதே இதுவும். காதுக்குள் இருக்கும் நத்தைச்சுருளிலிருந்து செய்தி புறப்பட்டு, ஒருசில நரம்புக் கலங்களைத் தாண்டி, மூளைத்தண்டில் 'பாலம்' எனப்படும் பகுதியில் உள்ள பெரிய கலங்களை எட்டுகிறது. அங்கிருந்து நேரே முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண், பிறகு தசை. எலியில் இந்தப் பயணம் 8 மில்லிசெக்கன் அளவில் முடிந்துவிடுகிறது. மனிதரில் கண்ணிமை மூடிக்கொள்ள 30 முதல் 50 மில்லிசெக்கன் ஆகும். திரையில் தெரிவது இன்னதென்று மூளை பிரித்தறியவோ ஏறத்தாழ 150 மில்லிசெக்கன் வேண்டும். அதாவது, பேயை நீங்கள் காணுமுன்னே உங்கள் தோள் எழும்பிவிட்டது. 1939இல் லாண்டிஸ், ஹண்ட் என்ற இரு உளவியலாளர்கள் துப்பாக்கி வெடிச்சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அதிவேகக் கமராக்களில் பதிவுசெய்து ஒரு நூலே வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே ஒழுங்கு: முதலில் இமை, பிறகு கழுத்து முன்னே வளையும், தோள் உயரும், முழங்கை மடங்கும், விரல்கள் பொத்திக்கொள்ளும். பின்பக்கம் பாயும் விலங்கிடமிருந்து கழுத்தைக் காக்கும் பழைய ஏற்பாடு இது என்பது பலரது ஊகம். இந்தப் பாதை நினைவைத் தொட்டுச் செல்வதில்லை. ஆகவே மூன்றாம் தடவை என்பது உங்களுக்குத்தான் தெரியும், உங்கள் மூளைத்தண்டுக்குத் தெரியாது. அடுத்தடுத்து நூறு முறை கேட்டால் அதுவும் சலித்துவிடும். ஆனால் எந்த இயக்குநரும் ஒரே படத்தில் நூறு முறை கதவைச் சாத்துவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்ததுதான்.

இந்தத் தெறிவினைக்கு ஒரு திருகு உண்டு, பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இருந்ததைப் போல. 1951இல் பிரவுன், காலிஷ், பார்பர் என்ற மூவர் எலிகளுக்கு முதலில் ஒரு சமிக்ஞையைக் காட்டி, பின்னர் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அதன்பின் அதிர்ச்சியே கொடுக்காமல், சமிக்ஞை இருக்கும்போது ஒரு வெடிச்சத்தம் மட்டும் எழுப்பினார்கள். அதே சத்தம்தான், ஆனால் எலி முன்னைவிட அதிகமாகத் துள்ளியது. சத்தம் கூடவில்லை, திருகு கூடியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் பல ஆண்டுகள் செலவிட்டு அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று நரம்பு நரம்பாகத் தேடினார். மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் இருக்கும் அமிக்டலாவிலிருந்து ஒரு தொடர்பு இறங்கி, நான் மேலே சொன்ன அந்தப் பெரிய கலங்களைத் தூண்டத் தயாராக வைக்கிறது. அச்சம் திருகைக் கூட்டுகிறது, திடுக்கிடல் பின்னர் வெடிக்கிறது. இரண்டும் வேறு வேறு. ஆனால் ஒன்றுக்கு மற்றது ஏணி.

அச்சம் வர வேண்டும் என்பதுகூட இல்லை, இருட்டே போதும். 1997இல் கிரியோனும் அவரது குழுவினரும் மனிதர்களை இருட்டறையில் உட்கார வைத்து அளந்தபோது, வெளிச்சத்தில் இருந்ததைவிடத் திடுக்கிடல் கூடியிருந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு எலிகளில் நேர்மாறாகக் கண்டது: கடும் வெளிச்சத்தில்தான் எலி அதிகம் துள்ளுகிறது. எலி இரவுப் பிராணி அல்லவா, அதற்கு ஆபத்து பகலில்தான். எலிகள் தமக்கென்று ஒரு பேய்ப்படம் எடுத்தால் பங்குனி வெயிலில், நடு வயலில், உச்சிப் பொழுதில்தான் எடுக்கும். இதை முதன்முதல் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பயமல்ல, மகிழ்ச்சி.

இந்த ஆய்வுகளைப் பற்றிச் சொன்னால், "எலியைத் துள்ள வைக்கவா அரசாங்கப் பணம்?" என்று கேட்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மருத்துவமும் பொறியியலும் தவிர மற்றதெல்லாம் வீண் என்று சொல்பவர்களும் அவர்களே. இன்று பதகளிப்பு (மனப்பதற்றம்) நோய்களை ஆராய்பவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல்களில் ஒன்று, அந்தத் துள்ளும் எலி தந்தது. அதற்கு வேண்டியது ஓர் ஒலிபெருக்கியும், கண்ணின் கீழ் ஒட்டும் இரண்டு சிறு உணரிகளும், அவை அனுப்பும் சமிக்ஞையைப் பதியும் கருவியும்தான். வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வன்னியைவிடத் திடுக்கிடலை ஆராயப் பொருத்தமான மண் எது?

ஒலியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்ல மெல்ல உயரும் சத்தம் எவ்வளவு பெரிதானாலும் திடுக்கிட வைக்காது. சில மில்லிசெக்கன்களுக்குள் உச்சத்தைத் தொட வேண்டும். பெரிய சத்தத்துக்குப் பத்திலொரு செக்கன் முன்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டுவிட்டாலும் துள்ளல் குறைந்துவிடும். ஆகவேதான் படக்காரர்கள் அடிக்கு முன்னே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை. அதுவும் நின்றுவிடுகிறது. ஏதோ பாயப்போகிறது என்று நாம் மூச்சடக்கிக் காத்திருக்க, 'புஸ்' என்று சீறிக்கொண்டு திரைக்குள் வந்து நிற்கிறது ஒரு பஸ். வேறொன்றுமே இல்லை. தயாரிப்பாளர் வால் லூட்டனின் குழு அதன் பின்னர் இத்தகைய உத்தி எல்லாவற்றையும் 'பஸ்' என்றே அழைத்தது. மாங்குளம் சந்தியில், தெருவிளக்கு எரியாத இரவொன்றில், கண்டி வீதியில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

இனிப் பட்டியல். திடீர்ச் சத்தத்தின் அடியை நம்பும் படம், பேயின் இருப்பை நம்பும் படம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'த ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' (நெட்பிளிக்ஸ், 2018, பத்துப் பகுதிகள்) இரண்டிலும் தேர்ந்தது. பின்னணியில் கதவோரம், மாடிப்படியோரம் எந்தச் சத்தமும் இல்லாமல் பேய்கள் நிற்கும், பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். அதே தொடரில் காருக்குள் நடக்கும் ஒரு சகோதரிச் சண்டையும் உண்டு. அதை ஒலியைக் குறைத்துப் பாருங்கள், சொல்லிவிட்டேன். 'எ குவைட் பிளேஸ்' (2018) மௌனத்தையே திருகாக்கிய படம். தமிழில் எனக்கு 'யாவரும் நலம்' (2009) இன்னமும் முதலிடம். வீட்டுத் தொலைக்காட்சிக்குள்ளிருந்தே பேய் கிளம்புவதால், அதைத் திரையரங்கைவிட வீட்டில் பார்ப்பதே பொருத்தம். 'மாயா' (2015) அடுத்தது. மலையாளத்தில் 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை, இருட்டு அங்கே நடிகர்களில் ஒருவர். பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களை நான் சேர்க்கவில்லை. சிரிக்க வைத்துவிட்டால் திருகு இறங்கிவிடும் என்பது என் கட்சி.

கைத்தொலைபேசியில் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். திரையரங்குக்காகக் கலக்கப்பட்ட ஒலியில் பேச்சு தாழ்வாகவும் அடி உயரமாகவும் இருக்கும். கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று நீங்களே ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த கணம் கதவு சாத்தும். அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த உறுமல்கள் வரவே வராது, அலறல் மட்டும் துல்லியமாக வரும். அலறலில் ஒலியின் வலிமை செக்கனுக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்குகிறது, சாதாரணப் பேச்சில் நாலைந்து தடவைதான் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கரகரப்பு அமிக்டலாவைத் தட்டுகிறது. கூகையின் குரலும் கரகரப்பானதுதான். அதனால்தான் அதற்குச் சாக்குருவி என்று பேர் வைத்துக் கல்லெறிந்து விரட்டுகிறோம் என்று நினைக்கிறேன். விரட்டிவிட்டு, வயலில் எலி பெருத்துவிட்டதென்று நஞ்சு வாங்க வரிசையில் நிற்கிறோம். சாவைச் சொல்ல வந்த குருவி அல்ல அது, சாப்பிட வந்தது.

உங்கள் அப்பா. அவரைப் பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கீட்டின் அறிகுறிகளில் அளவுக்கு மீறிய திடுக்கிடல் ஒன்று. மருத்துவ நூல்களில் அது தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. 2009ஐக் கடந்து வந்த காதுகள் யானையை விரட்டும் வெடிச்சத்தத்துக்கும் கலியாண வீட்டுப் பட்டாசுக்கும் நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவரது தைரியத்தில் குறையில்லை, பேயைப் பார்த்துச் சிரிப்பவர் அவர்தானே. மேலே சொன்ன திருகு ஒரு காலத்தில் உயிர்காக்கவென்று முழுவதும் திருப்பப்பட்டு, அப்படியே இறுகிப்போயிருக்கலாம். தூக்கமும் கெடுகிறதென்றால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை.

படம் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நாமே பொத்தானை அழுத்தி எழுப்பும் சத்தத்துக்கு, பிறர் எழுப்பும் சத்தத்தைவிடக் குறைவாகவே திடுக்கிடுகிறோம் என்று பரிசோதனைகள் சொல்கின்றன. அடுத்த சனிக்கிழமை 'யாவரும் நலம்' போடுங்கள், விளக்கை அணைக்க வேண்டாம், ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.