கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படியுங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு வரும் கேமிங் பிள்ளைகளில் நிறையப் பேர் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள். பாதிப் பேரிடம் இருப்பது ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் அல்லது எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர்: இன்டெலின் 4ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், ஒரு ஹார்டு டிஸ்க். "அண்ணா, 15,000 இருக்கு. நல்ல கார்டா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள். கார்டு பேச்சு அப்புறம். முதலில் கேபினெட்டைத் திறந்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைப் பார்ப்போம்.

மலிவுக் கேபினெட்டோடு சேர்த்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். 12 வோல்ட் கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். பிராசஸரும் கார்டும் பெரும்பாலான கரண்ட்டை அங்கிருந்துதான் எடுக்கின்றன. 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 16, ஆக 192 வாட். ஐ5-4570க்கு 84 வாட், ஆர்எக்ஸ் 580 கார்டுக்கு 185 வாட்; இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் 269. அப்புறம் மேட்ச் நடுவில் சிஸ்டம் பட்டென்று அணையத்தான் செய்யும். பையன் கார்டு டூப்ளிகேட் என்று விற்றவனிடம் சண்டைக்குப் போவான்.

இதைவிட மோசம், கார்டுக்குக் கரண்ட் தரும் 6 பின் வயர் இல்லையென்று, பழைய ஹார்டு டிஸ்க் வயரான மோலெக்ஸில் கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டுவது. உருகி, பிளாஸ்டிக் கருகி, மேசைக்கு வரும் கனெக்டர்களைப் பார்த்தவர்கள் அந்தச் சின்ன வயரைத் தொடமாட்டார்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். போடக் காசு இல்லையென்றால் கார்டைச் சின்னதாக எடுங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் தனி பவர் வயரே வேண்டாத மாடல்கள் இருக்கின்றன. ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர்களுக்கு பெரும்பாலும் அதுதான் வழி. அந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். பிளக்கே வேறு மாதிரி. கடையில் விற்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேராக மாட்டாது. ஒல்லிக் கேபினெட் என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டும்தான் உள்ளே நுழையும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

கார்டுதான் பிரச்சினையா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது ஜிபியு (கார்டின் சிப்) உபயோகத்தைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா, கார்டு திணறுகிறது. 60இல் தள்ளாடிக்கொண்டிருக்க, பிராசஸர் 100ஐத் தொடுகிறதா, எந்தக் கார்டு போட்டாலும் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரிதாக ஏறாது. ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று சேர்த்து டூயல் சேனல் ஆக்குங்கள். எஸ்எஸ்டி போட்டால் லோடிங் குறையும், எஃப்பிஎஸ் கூடாது, ஆனாலும் போடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் வீடு என்றால் ஹீட் சிங்க் கம்பளி போர்த்திக்கொண்டுதான் இருக்கும்.

இனி செகண்ட் ஹேண்ட் கார்டு. 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் நின்றதும் சந்தையில் கொட்டிய கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் நான் ஒரு கார்டைத் தள்ளமாட்டேன். ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கிறதா, பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி வைத்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். எனக்குப் பயம் பெயர் மாற்றிய கார்டுகளிடம். பழைய ஜிடிஎஸ் 450இன் பயாஸைத் திருத்தி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைத்து விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஷேடர் (படம் வரையும் சின்னக் கணக்குப் பிரிவு) எண்ணிக்கையைப் பாருங்கள்: அசல் 1050 டிஐயில் 768, போலியில் 192. பின்பக்கம் நீல விஜிஏ போர்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 காட்டினால் பெயர்தான் 580, வேலை 570உடையது. விலையையும் அப்படியே பேசுங்கள். அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

4ஆம் தலைமுறை ஐ5க்கு 15,000 முழுவதையும் கொட்ட நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. அந்த போர்டின் டிடிஆர்3 ராமும் அடுத்த சிஸ்டத்துக்கு ஆகாது. கார்டு, எஸ்எஸ்டி, சாதாரண கேபினெட் என்றால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். என, நாளைக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் மட்டும் செலவழியுங்கள்.

ஏஎம்டி கம்பெனியின் பழைய ரைசன் 1600, 2600 பிராசஸர் வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு என்பதால் பலருக்கு அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலைச் சரிபார்த்து, பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே போர்டின் பயாஸை அப்டேட் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் போர்டை எங்கள் மேசைக்குத்தான் தூக்கிவர வேண்டியிருக்கும்.