சப்ஜங்டிவ்: நுகத்தில் பூட்டிய வினை

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஸ்பானிஷ் படிக்கிறான். "அண்ணா, இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்னு ஒண்ணு வருது, தமிழ்ல அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான்.

சப்ஜங்டிவ் என்ற பெயர் லத்தீனிலிருந்து வந்தது. அதில் 'சுப்' என்றால் கீழே. 'யுங்கெரே' என்றால் பூட்டுவது, இணைப்பது. ஆக, இன்னொரு வினையின் கீழே பூட்டப்பட்ட வினை. இம்பர்ஃபெக்ட் என்பது முற்றுப்பெறாதது.

முதலில் எனக்குத் தோன்றியது வியங்கோள், அதாவது 'வாழ்க' போல வாழ்த்தவும் வேண்டவும் வரும் வினை. அது எங்கள் பக்கத்துச் சரக்குதான்: நெல்லிக்கனி தந்த தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானை ஔவையார் 'மன்னுக பெரும நீயே' என்று வாழ்த்துகிறார் (புறநானூறு 91). ஆனால் 'மன்னுக' தன் காலிலேயே நிற்கிறது. சப்ஜங்டிவ் பெரும்பாலும் அப்படி நிற்காது.

சரி, தம்பி கேட்ட அந்த இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் வடிவம் எப்படிப் பிறக்கிறது? 'அவர்கள் பேசினார்கள்' என்பதற்கு ஸ்பானிஷில் 'ஆப்லாரோன்'. கடைசி 'ரோன்' போய் 'ரா' வந்தால் 'ஆப்லாரா'. ஆள் மாற மாற ரா, ராஸ், ரா, ராமோஸ், ராய்ஸ், ரான். 'சாப்பிட்டார்கள்' என்ற 'கொமியெரோன்' இதேபோல 'கொமியெரா' ஆகும். 'ரா'வுக்குப் பதில் 'ஸெ' வரும் இன்னொரு வரிசையும் உண்டு. பேச்சில் 'ரா'தான் அதிகம்.

இறந்தகாலத்திலிருந்து பிறந்தது, நடக்காததைப் பற்றிப் பேசுகிறதே என்று தம்பி குழம்பினான். 'பேசினால்' என்று நாம் சொல்வதும் அப்படித்தானே? 'பேசின்' இறந்தகால அடி, அதோடு 'ஆல்'. இன்னும் யாரும் பேசவில்லை! என்ன, நமக்கு நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் 'பேசினால்' ஒன்றே போதும். ஸ்பானிஷில் நடக்கக்கூடியதற்குச் சாதாரண நிகழ்காலமே வரும், கற்பனைக்குத்தான் 'ஆப்லாரா'. 'அவனைப் பேசச் சொன்னேன்' என்பதில் வரும் 'பேச'வுக்கும் அங்கே 'ஆப்லாரா'தான். 'பேசினால்', 'பேச' இரண்டுமே நம் இலக்கணத்தில் வினையெச்சம்: முற்றாதது, வேறொரு வினையைத் தேடுவது. இம்பர்ஃபெக்ட், சப்ஜங்டிவ் இரண்டு சொல்லின் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது.

அப்படியே எச்சம் என்று வைத்துவிடலாமா என்றால், ஒரு முட்டுக்கட்டை. நம் வினையெச்சம் ஆளைக் காட்டாது; 'ஆப்லாராமோஸ்' என்றாலோ 'நாம்' அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'இறந்தகாலச் சார்புவினை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம், நுகத்தை அறுத்துக்கொண்டு, வேறு வினை இல்லாமலே ஓடும் ஒரு மாடும் உண்டு: 'ஓஹாலா யோவியெரா'. 'யோவியெரா' என்பது 'மழை பெய்' என்ற வினையின் இதே வடிவம். ஓஹாலா அரபியிலிருந்து வந்த சொல், 'இறைவன் நினைத்தால்' என்று பொருள். வானம் பார்த்த தருமபுரிக் காட்டில் நின்று, "ஒரு மழ பேயாதா!" என்பார்களே, அதேதான்.