டயானா சொன்ன ரகசிய நோய்

1995 நவம்பர் 20 அன்று இரவு பிபிசியில் இளவரசி டயானாவின் பேட்டி. பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் அவருடைய மணவாழ்க்கையைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேட்டியை பிபிசி ஏமாற்றித்தான் வாங்கியது என்பது 2021 விசாரணையில் வெளிவந்தது. அது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, தனக்கு இருந்த புலிமியா என்ற உணவுக் கோளாறு பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம். அனோரெக்சியா (சாப்பாட்டையே ஒதுக்கி மெலியும் நோய்) வந்தவர் கண்ணெதிரே இளைத்துப் போவார், புலிமியாவில் எடை அப்படியேதான் இருக்கும், அதனால் கடைசிவரை நடிக்கலாம், ஆதாரமே இருக்காது என்றார்.

கட்டுப்பாடு இழந்து ஏராளமாகச் சாப்பிடுவது, பிறகு எடை கூடிவிடும் என்ற பயத்தில் அதை எப்படியாவது வெளியேற்றப் பார்ப்பது, மறுபடியும் அதே சுழல். இதுதான் புலிமியா. உள்ளுக்குள் பல்லின் எனாமல் கரையும். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். வெளியே பார்த்தால் ஆள் சாதாரணமாக இருப்பார். வீட்டில் யாருக்கும் தெரியாததைப் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. இந்த நோய்க்குப் பெயர் வந்ததே 1979-இல்தான். லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரசல் வைத்த பெயர் அது.

பெயர் வந்துவிட்டது, சரி. மக்களுக்குத் தெரிய வேண்டுமே! அனுபவிப்பவருக்கு இது நோயாகவே தோன்றாது. தன்னிடம் மட்டும் இருக்கிற அசிங்கமான பழக்கம் என்று நினைப்பார். பழக்கத்துக்காக யார் மருத்துவரிடம் போவார்கள்?

பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுடைய பதிவேடுகளை அலசிய ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. புதிதாகப் பதிவான புலிமியா நோயாளிகளின் எண்ணிக்கை 1990-களில் ஏறி, 1996-இல் உச்சம் தொட்டு, அப்புறம் இறங்கியிருந்தது. டயானாவின் நோய் விவரம் 1992-இல் புத்தகமாக வந்தது, பேட்டி 1995-இல். இரண்டுமே ஏறுமுகக் காலத்தில். அவரைப் பார்த்துப் பலருக்கு நோய் தொற்றிக்கொண்டதா? ஆய்வாளர்களின் ஊகம் வேறு: வருடக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவர்கள் அவர் பேசிய பிறகு முதல்முறையாக மருத்துவரிடம் போயிருக்கலாம். தேங்கிக் கிடந்தது வடிந்ததும் எண்ணிக்கை குறைந்திருக்கும். இதை நிரூபிக்க முடியாது. டயானா பேசாத இன்னொரு பிரிட்டன் ஒப்பிடுவதற்கு இல்லையே. ஆனாலும் எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. பதிவேடு எண்ணுவது நோயுற்றவர்களை அல்ல, வாய்திறந்தவர்களை.

வாய்திறப்பதில் முதல் வாக்கியம்தான் கஷ்டம். 'டயானாவுக்கு இருந்ததே, அதுதான் எனக்கும்' என்று ஆரம்பிக்க முடிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். நேரில் பார்த்தே இராத பிரபலத்தோடு நாம் ஒருதலையாக நட்புக் கொள்கிறோம் என்று 1956-லேயே இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்ன மாதிரியே அந்தப் பேச்சு மனதில் இறங்குகிறது. மருத்துவரின் காதிலும் அது விழுகிறது. அவரும் நோயாளிகளிடம் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்.

ஆனால் டயானாவால் எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை. இளம்பெண்களின் நோய் என்ற எண்ணம் அப்படியே இருந்தது. அதை அசைத்தவர், 2001 தேர்தல் பிரசாரத்தில் தன்மேல் முட்டை எறிந்தவனைக் குத்திய முன்னாள் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட். எழுபதை நெருங்கும் வயதில், 2008-இல், தனக்கும் புலிமியா இருந்தது என்றார். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். 2020-இல் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் தன் புலிமியா பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார்.

எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். எத்தனை கிலோ, எத்தனை கலோரி, என்ன வழி என்று விவரம் சொன்னால், நோயின் பிடியில் இருப்பவர் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் இத்தகைய எண்களைத் தவிர்க்கும்படி உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் பிரிட்டனின் பீட் அமைப்பு ஊடகங்களைக் கேட்டுக்கொள்கிறது. டயானாவே ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண் சொன்னார். இன்றைக்கு அதை வெட்டியிருப்பார்கள்.

பேட்டி யாரையும் குணப்படுத்தாது. சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்து எண்ணங்களைச் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சை புலிமியாவுக்கு நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் அதற்கு ஆள் மருத்துவர் எதிரே வந்து உட்கார வேண்டும். 1999-இல் லண்டன் மருத்துவர்கள் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். அதில் இரண்டாவது: 'எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கவலைப்படுகிறீர்களா?'