√−4 × √−9: விடை ஏன் 6 இல்லை?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் கணக்கு நோட்டோடு வருவார்கள். கலப்பெண் (மைனஸ் எண்ணின் வர்க்கமூலமும் கலந்த எண்) பாடம் தொடங்கிவிட்டால் போதும், இந்த வரி யாருடைய நோட்டிலாவது இருக்கும்: √−4 × √−9 = √36 = 6. பார்த்தால் தப்பே தெரியாது. ஆனால் விடை −6.

√−1 என்ற கற்பனை எண்ணுக்கு ‘ஐ’ என்று பெயர். ஐ × ஐ = −1. அப்படியானால் √−4 என்பது 2ஐ, √−9 என்பது 3ஐ. பெருக்கினால் 6ஐ², அதாவது −6. இரண்டு வேர்களை ஒரே வேர்க்குறிக்குள் சேர்க்கும் பழைய விதி, உள்ளே இருக்கும் எண்கள் இரண்டுமே மைனஸ் என்றால் செல்லாது. மைனஸை ‘ஐ’யாக வெளியே எடுத்துவிட்டு, அப்புறம்தான் பெருக்க வேண்டும்.

விதி சரி, காரணம்? நில அளவைத் தொழில் பார்த்த காஸ்பர் வெஸ்ஸல் 1797-இல் அதைப் படமாகவே காட்டிவிட்டார். கிழக்கே பார்த்து நில்லுங்கள். அது பிளஸ் திசை. ‘ஐ’யால் பெருக்குவது என்றால் இடது பக்கம் 90 டிகிரி திரும்புவது. ஒரு முறை திரும்பினால் வடக்கு, மறுமுறை மேற்கு. மேற்குதான் மைனஸ். இன்னும் இரண்டு முறை திரும்பினால் பழையபடி கிழக்கு; அதனால்தான் ஐ⁴ = 1. கலப்பெண் பெருக்கல் எல்லாமே இவ்வளவுதான்: நீளங்களைப் பெருக்கு, கோணங்களைக் கூட்டு. 2ஐ, 3ஐ இரண்டும் வடக்கே பார்ப்பவை. நீளம் 6, கோணம் 180. மேற்கில் போய் நிற்கிறது, −6. கிழக்கே இருக்கும் 6-க்கு வர வழியே இல்லை.

(1 + ஐ) × (1 + ஐ) போட்டுப் பாருங்கள். 1 + 2ஐ + ஐ², ஆக 2ஐ. படத்தில் 1 + ஐ என்பது 45 டிகிரி சாய்ந்த √2 நீளக் கோடு. √2 × √2 = 2; 45 + 45 = 90. வடக்கே 2. இயற்கணிதமும் படமும் இப்படி ஒத்துப்போவதை முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இந்தப் படமெல்லாம் வருவதற்கு வெகுமுன்பே, 1545-இல், இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார். 10 என்ற எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பெருக்கினால் 40 வர வேண்டும். அவர் கண்ட விடை 5 + √−15, 5 − √−15. கூட்டினால் 10. பெருக்கினால் 25 − (√−15 × √−15). இங்கே √−15 × √−15 = √225 = 15 என்று போட்டால் வருவது 10. −15 என்று போட்டால்தான் 40.