அருமண் எல்லாம் +3 என்று யார் சொன்னது?

மறுபடியும் அதே சங்கதி. குளோரைடு தயாரிக்கப் போன ஒரு மாணவர், கறுப்பான பிரேசியோடைமியம் (ஓர் அருமண் உலோகம்) ஆக்ஸைடின் மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிச் சூடாக்கியிருக்கிறார். திறந்த மேசையில்! அறையில் இருந்தவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். "அமிலப் புகை என்று நினைத்தேன்" என்கிறார். வந்தது குளோரின்.

கேட்டால் உடனே பதில் வரும்: "அருமண் என்றால் +3 தானே?" அதாவது, சேர்மத்தில் அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலை. பெரும்பாலும் சரிதான். ஆனால் சீரியம், பிரேசியோடைமியம், டெர்பியம் மூன்றும் +4க்குப் போகும். காற்றில் சுட்டெடுத்த பிரேசியோடைமியம் ஆக்ஸைடில் 6 உலோக அணுவுக்கு 11 ஆக்சிஜன். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் -2 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறில் நான்கு +4. டெர்பியத்தில் 4க்கு 7, அதாவது பாதி. அந்த +4 அணுக்கள்தான் குளோரைடைக் குளோரினாக மாற்றுகின்றன. 10 கிராம் கறுப்புத் தூள் முழுதும் கரைந்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர் குளோரின் வரும். நிறத்தையாவது பார்க்கக் கூடாதா? பிரேசியோடைமியத்தின் +3 ஆக்ஸைடு வெளிர்பச்சை, டெர்பியத்தினுடையது வெள்ளை. கறுப்போ கரும்பழுப்போ என்றால் உள்ளே +4 இருக்கிறது.

(பிரேசியோடைமியத்தில் +5 இருப்பதையும் 2016இல் காட்டிவிட்டார்கள். அது கடுங்குளிரில் உறைந்த மந்தவாயுவுக்குள் பிடித்துவைத்த மூலக்கூறு. உங்கள் பீக்கருக்கு வராது, பயம் வேண்டாம்.)

நம்மை ஏமாற்றுவது சீரியம் ஆக்ஸைடு. முழுக்க +4, ஆனாலும் அதே அமிலத்தில் அசையாமல் கிடக்கும். கரையாததால் வந்த சாந்தம் அது. அதே +4 சீரியம் செரிக் அமோனியம் நைட்ரேட் என்ற உப்பாக வந்தால் தண்ணீரில் சட்டென்று கரைந்து, கையில் கிடைத்த கரிமப் பொருளையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும்.

ஆகவே, பிரேசியோடைமியம், டெர்பியம் ஆக்ஸைடுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பது ஃபியூம் ஹுட்டுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. குளோரைடுதான் வேண்டும் என்றில்லையென்றால் நைட்ரிக் அமிலத்தில் கரையுங்கள், வெளிவருவது ஆக்சிஜன். செரிக் உப்பைச் சிந்தினால் டிஷ்யூ பேப்பரால் துடைக்காதீர்கள், அதுவும் கரிமப் பொருள்தான். மிஞ்சிய செரிக் கரைசலை அசிட்டோன், ஆல்கஹால் கழிவு பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்குகிறவர்களை என்ன சொல்வது! ஃபியூம் ஹுட்டில் வைத்து, நீர்த்த சோடியம் பைசல்பைட்டை ஆரஞ்சு நிறம் போகும்வரை சேர்த்த பிறகு உலோகக் கழிவில் கொட்டுங்கள். பாட்டில் லேபிளில் '+4' என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள், தயவுசெய்து.